காஷூபியன் தனி மொழியா, போலிஷின் வட்டார வழக்கா?

கேள்வி இதுதான்: போலந்தின் வடக்கே, பால்டிக் கடலோரம் பேசப்படும் காஷூபியன் ஒரு தனி மொழியா, போலிஷின் வட்டார வழக்கா? பழைய போலிஷ் புத்தகங்கள் வழக்கு என்கின்றன, 2005ல் வந்த சட்டம் மொழி என்கிறது. அப்படியென்றால் தெற்கே அதைவிடப் பல மடங்கு பேர் பேசும் சைலீசியனை மட்டும் ஏன் ஜனாதிபதி 2024ல் நிராகரித்தார்?

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம். காஷூபியன் தனி மொழி. ஒலியமைப்பிலும் வரலாற்றிலும் அதற்குப் போதுமான ஆதாரம் இருக்கிறது. சைலீசியனுக்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது. ஆனாலும் அதை நிராகரிக்கச் சொல்லப்பட்ட காரணம் எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றலாம். உண்மையில், மொழியா வழக்கா என்று கேட்கும்போது நாம் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறோம். இந்தப் பேச்சு பக்கத்து மொழியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது ஒன்று. பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் இதற்கு இடம் கொடுக்க வேண்டுமா என்பது மற்றொன்று. முதலாவதை ஓரளவு அளந்து பார்க்கலாம். இரண்டாவதை யாராவது உட்கார்ந்து முடிவுதான் செய்ய வேண்டும். போலந்தில் நடந்ததெல்லாம், இரண்டாவதற்கான பதிலை முதலாவதற்கான பதில் போலக் காட்டிக்கொண்ட கதை.

அளக்கக்கூடியதிலிருந்து தொடங்குவோம். க்டான்ஸ்க் நகருக்கு மேற்கிலும் வடமேற்கிலும் வெய்ஹெரோவோ, கார்டூஸி, புட்ஸ்க், பிட்டூஃப் என்று சிறு ஊர்களும் ஏரிகளும் நிறைந்த பகுதிதான் காஷூபியா. ஒரு காலத்தில் ஓடர் ஆற்றுக்கும் விஸ்டுலா ஆற்றுக்கும் இடையே பால்டிக் கரை நெடுகப் போமரேனிய ஸ்லாவ் மக்கள் வாழ்ந்தார்கள். மேற்கிலிருந்து ஜெர்மன் பரவப் பரவ அவர்களுடைய பேச்சு கிழக்கு நோக்கிச் சுருங்கியது. இன்று மிஞ்சியிருப்பது காஷூபியன் மட்டுமே. இதனால்தான் அறிஞர்களின் சண்டை உண்மையில் ஒரு வம்சாவளிச் சண்டை: காஷூபியன் போலிஷிலிருந்து கிளைத்ததா, அல்லது போலிஷின் உடன்பிறப்பான போமரேனியப் பேச்சின் எச்சமா?

இதற்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பார்த்தால் நிறையத் தெரியும். மதில் சூழ்ந்த ஊருக்கு, கோட்டைக்கு, பழைய ஸ்லாவிக்கில் ஏறத்தாழ 'கோர்து' என்று ஒரு சொல் இருந்தது. உயிரொலிக்குப் பின் ர், அதற்குப் பின் இன்னொரு மெய் என்ற இந்த அமைப்பை ஸ்லாவ் மொழிகள் தாங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சரிசெய்தது. தெற்கே செர்பியனில் ர் முன்னால் தாவி 'க்ராத்' ஆனது. ரஷ்யனில் நடுவே இன்னொரு உயிர் புகுந்து 'கோரத்' ஆனது. போலிஷில் ர் தாவி, இன்று 'க்ரூத்' என்று ஒலிக்கிறது. போமரேனியக் கரையில் மட்டும் ர் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை: 'கார்த்'. இதை வரைபடத்திலேயே பார்க்கலாம். செர்பியத் தலைநகர் பெயோக்ராத், அதாவது நாம் சொல்லும் பெல்கிரேட். உக்ரைன் எல்லைக்கு அருகில் ரஷ்ய நகரம் பெல்கோரத். போலந்தின் வடமேற்கில் பியாவோகார்ட். மூன்றும் 'வெள்ளைக் கோட்டை' என்ற ஒரே பெயர்தான். பியாவோகார்ட் போலிஷ் ஊராகப் பிறந்திருந்தால் அதன் வால் 'க்ரூத்' என்று முடிந்திருக்க வேண்டும். அதே பகுதியில் இருக்கும் ஸ்டார்கார்டும் அப்படியே. அங்கே இன்று காஷூபியன் பேசுவோர் இல்லை, ஊர்ப்பெயர் மட்டும் சாட்சி சொல்கிறது.

காகத்துக்குப் போலிஷில் 'வ்ரோனா', காஷூபியனில் 'வார்னா'. அதே கதை. ஆனால் ஒரு நேர்மையான குறிப்பும் சேர்க்க வேண்டும்: இன்றைய காஷூபியனில் இப்படிப்பட்ட சொற்கள் கொஞ்சம்தான். பல இடங்களில் போலிஷ் வடிவம் உள்ளே வந்து பழையதைத் தள்ளிவிட்டது. ஆயிரம் ஆண்டு பக்கத்தில் வாழ்ந்தால், அதுவும் தேவாலயத்தில் போலிஷ் ஓதி வளர்ந்தால், வேறு என்ன நடக்கும்.

வேறு அடையாளங்களும் உண்டு, அவை இன்றும் உயிரோடு இருப்பவை. போலிஷைக் கேட்டதுமே காதில் விழும் அந்த மென்மையான ஷ-கர, ச்ச-கர வரிசை காஷூபியனில் கிடையாது; எல்லாம் ஸ-கரப் பக்கம் போய்விட்டன. சகோதரிக்குப் போலிஷ்காரர் 'ஷோஸ்த்ரா' என்பார், காஷூபியர் 'ஸோஸ்த்ரா' என்பார். போலிஷில் 'கி' என்று வரும் இடத்தில் காஷூபியனில் 'சி' வரும்: 'இப்படிப்பட்ட' என்பதற்கு அங்கே 'தாக்கி', இங்கே 'தாச்சி'. பழைய குறில் இ-கர உ-கரங்கள் தேய்ந்து, வாய் சரியாகத் திறக்காமல் சொல்லும் ஒரு மங்கலான உயிரொலியாகிவிட்டன. போலிஷில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. போலிஷில் சொல்லழுத்தம் கடைசிக்கு முந்திய அசையில் ஆணி அடித்ததுபோல நிற்கும். தென் காஷூபியனில் அது முதல் அசையில் விழுகிறது, வட காஷூபியனில் சொல்லின் வடிவத்துக்கேற்ப இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. 'நான் இருக்கிறேன்' என்பதற்குப் போலிஷில் 'யெஸ்தெம்'. காஷூபியனில் பழைய 'யெம்' அப்படியே. உருளைக்கிழங்கு 'புல்வா', பையன் 'க்னோப்' என்று போலிஷ்காரருக்குப் புரியாத அன்றாடச் சொற்களும் ஏராளம். க்னோப் ஜெர்மனிலிருந்து வந்தது.

எதிர்த்தரப்புக்கும் வலு இருக்கிறது. வாக்கிய அமைப்பும் வேற்றுமை உருபுகளும் சொற்களில் பெரும்பகுதியும் இரண்டுக்கும் பொது. காஷூபியாவின் தெற்கு விளிம்பில் நடந்து போனால் எந்த இடத்தில் காஷூபியன் முடிந்து போலிஷ் தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. காஷூபியனுக்குள்ளேயே வேறுபாடுகள் அதிகம். ஜெர்மானிய ஆய்வாளர் ஃப்ரீட்ரிஹ் லோரென்ட்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமம் கிராமமாகச் சென்று 76 உள்வழக்குகளைப் பிரித்துக் காட்டினார். வடகோடிக் கடற்கரைக் கிராமத்தவரும் தெற்குக் காட்டுப் பகுதிக்காரரும் தத்தம் வழக்கில் வேகமாகப் பேசினால் ஒருவருக்கொருவர் தடுமாறுவார்கள்.

'அவர்களுக்குள் புரிகிறதா இல்லையா, அதை வைத்து முடிவு செய்யலாமே' என்று பலர் கேட்பதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறையில் உதவாது. செக்கும் ஸ்லோவாக்கும் பேசுவோர் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் மணிக்கணக்கில் பேசிக்கொள்வார்கள். அவை இரண்டு மொழிகள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. செர்பியனும் குரோஷியனும் இன்னும் நெருக்கம். காஷூபியன் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு காஷூபியருக்கும் போலிஷ் தெரியும், ஆகவே ஒரு பக்கம் புரிதல் எப்போதும் நூற்றுக்கு நூறு. வார்சாவிலிருந்து வருபவர் முதன்முறை கேட்கும்போது எவ்வளவு பிடிபடும் என்பதோ, எதிரில் பேசுபவர் அவருக்காக எவ்வளவு போலிஷ் பக்கம் சாய்ந்து பேசுகிறார் என்பதைப் பொறுத்தது. இந்தச் சோதனையை யார் எப்படி நடத்தினாலும் அவர் விரும்பிய விடையே வரும்.

சரி, விலகல் இருக்கிறது, ஆனால் இவ்வளவு இருந்தால் மொழி என்று சொல்ல எல்லைக்கல் கிடையாது. இந்த இடைவெளியில்தான் அரசியல் வந்து உட்கார்ந்தது. போலந்தில் அது எப்படி உட்கார்ந்தது என்பது சுவாரஸ்யமான கதை.

காஷூபியனுக்கு மொழி என்ற தகுதியை முதலில் உரக்கக் கேட்டவர் ஃப்ளோரியன் செய்னோவா (1817–1881). கிராமத்தில் பிறந்து மருத்துவரானவர். அன்று அந்தப் பகுதியை ஆண்ட ஜெர்மானிய அரசான பிரஷ்யாவுக்கு எதிரான 1846 போலிஷ் கிளர்ச்சியில் இறங்கி, மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1848 புரட்சியால் உயிர் தப்பியவர். அதற்குப் பின் காஷூபியனுக்கு எழுத்துமுறை அமைத்தார், பழமொழியும் கதையும் சேர்த்தார், 1879ல் இலக்கணமும் வெளியிட்டார். போலிஷ் கனவான்களுக்கு அவர்மேல் கடுங்கோபம். 1880ல் ஹியெரோனிம் டெர்டோவ்ஸ்கி காஷூபியனிலேயே ஒரு நகைச்சுவை நெடுங்கவிதை எழுதி அதில் எதிர்க்கருத்தை வைத்தார்: போலந்து இல்லாமல் காஷூபியா இல்லை, காஷூபியா இல்லாமல் போலந்தும் இல்லை. இந்த வரி பின்னால் காஷூபியர்களுக்குக் கிட்டத்தட்ட ஓர் அடையாள அட்டையாகவே ஆகிவிட்டது. அதை நினைவில் வையுங்கள், 2005க்கு வரும்போது தேவைப்படும்.

1893ல் ஸ்டெஃபான் ரமுல்ட் ஓர் அகராதி வெளியிட்டு, போமரேனியன் அல்லது காஷூபியன் தனி மொழியே என்று முன்னுரையில் வாதாடினார். போலிஷ் அறிவுலகம் கொதித்தது. நவீன மொழியியலின் முன்னோடிகளில் ஒருவரான போதுவான் தெ கூர்த்தனேயும் இதில் நுழைந்தார். அவருடைய கருத்து ரசிக்கத்தக்கது: போலிஷை மற்ற ஸ்லாவ் மொழிகளிலிருந்து பிரித்துக் காட்டும் போக்குகள் காஷூபியனில் இன்னும் தீவிரமாக இருக்கின்றன, எனவே அது போலிஷைவிடவும் கூடுதல் போலிஷ்! இதைப் படித்துவிட்டு அவர் எந்தக் கட்சி என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் படித்தவற்றில் இந்த விவாதத்தின் மிகப் புத்திசாலித்தனமான வரி இதுதான், மிகவும் பயனற்ற வரியும் இதுதான்.

ஏன் இவ்வளவு கொதிப்பு? அன்று போலந்து என்ற நாடே வரைபடத்தில் கிடையாது. காஷூபியா பிரஷ்யாவின் கையில். பிரஷ்ய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் தாய்மொழிப் பட்டியலில் போலிஷைத் தனியாகவும் காஷூபியனைத் தனியாகவும் மசூரியனைத் தனியாகவும் எண்ணின. போலிஷ் தேசியவாதிகளுக்கு அதன் பொருள் தெளிவு: எங்கள் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுகிறார்கள். அப்படியிருக்க, காஷூபியன் தனி மொழி என்று ஒரு போலிஷ் அறிஞர் சொன்னால் அது எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுப்பதாகவே பட்டது. முதல் உலகப் போருக்குப் பின் பணயம் இன்னும் கூடியது. புதிய போலந்துக்குக் கடல்வழி வேண்டும். அந்தக் கரையில் இருப்பவர்கள் போலிஷ்காரர்கள் என்பது வெர்சாய் பேச்சுவார்த்தையில் போலந்தின் முக்கிய வாதங்களில் ஒன்று. அந்தக் கரையில் இருந்தவர்கள் காஷூபியர்கள். 1920 பிப்ரவரி 10 அன்று புட்ஸ்கில் ஜெனரல் ஹாலர் கடலில் மோதிரம் எறிந்து போலந்துக்கும் கடலுக்கும் 'திருமணம்' செய்துவைத்தது காஷூபிய மண்ணில்தான். அதற்குப் பிறகு காஷூபியன் வேறு மொழி என்று சொல்வது கிட்டத்தட்ட எல்லையைக் கேள்வி கேட்பது போல.

'ராணுவமும் கடற்படையும் வைத்திருக்கும் வழக்குதான் மொழி' என்று ஒரு பழகிப்போன நகைச்சுவை உண்டு. இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) அறிஞர் மாக்ஸ் வைன்ரைஹ் 1945ல் எழுத்தில் கொண்டுவந்தது. காஷூபியர்கள் அதை வேறு விதமாக அனுபவிக்கிறார்கள். போலந்துக் கடற்படையின் முக்கியத் தளமான க்டினியா அவர்கள் ஊரில்தான் இருக்கிறது. கடற்படை வந்தது, துறைமுகம் வந்தது, கூடவே நாடெங்கிலுமிருந்து போலிஷ் பேசுவோரும் வந்தார்கள். அந்தக் கடற்படை காஷூபியனை மொழியாக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் பாடநூல்களில் அது வழக்குதான். பெர்னார்ட் சிஹ்தா என்ற பாதிரியார் வாழ்நாள் முழுக்கச் சேகரித்த மாபெரும் அகராதி 1967 முதல் 1976 வரை ஏழு தொகுதிகளாக வந்தது. ஒரு சொல்லுக்குக் கீழே பழமொழி, சடங்கு, விளையாட்டு, திட்டு எல்லாம் கிடைக்கும். அட்டையில் மட்டும் 'காஷூபிய வழக்குகளின் அகராதி' என்று போட்டிருக்கும். ஏழு தொகுதி அகராதி கொண்ட வழக்கு உலகில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. 1981ல் பிரேஸாவும் ட்ரெடெரும் சேர்ந்து இலக்கண நூல் எழுதினார்கள். 1989ல் கம்யூனிச ஆட்சி முடிந்த பிறகு கதவு திறந்தது: 1991ல் பள்ளியில் பாடம், 1993ல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு, 1996ல் எழுத்துமுறை குறித்து உடன்பாடு. 2005 ஜனவரி 6 அன்று தேசிய இனச் சிறுபான்மையினர் மற்றும் வட்டார மொழி பற்றிய சட்டம் வந்தபோது, 'வட்டார மொழி' என்ற வகைக்குள் ஒரே ஒரு பெயர் இருந்தது: காஷூபியன்.

அந்த இடைக்காலத்தில் காஷூபியனின் ஒலியில் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. மாறியது இரண்டு விஷயங்கள். ஒன்று, எழுத்துமுறை, இலக்கணம், அகராதி, நாவல், வழிபாட்டு நூல் என்று மொழிக்குரிய தளவாடங்கள் சேர்ந்துவிட்டன. இரண்டாவது, அரசுக்குப் பயம் போய்விட்டது. காஷூபியர்களில் பெரும்பாலோர் தங்களைப் போலிஷ்காரர்கள் என்றும் காஷூபியர்கள் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறவர்கள். டெர்டோவ்ஸ்கியின் வரி வேலை செய்தது. மொழி வேண்டும், தனி இனம் என்ற அந்தஸ்து வேண்டாம் என்று அவர்களுடைய முக்கிய அமைப்பே நின்றது. 'வட்டார மொழி' என்ற வகை அவர்களுக்கென்றே தைத்த சட்டை. டொனால்ட் டஸ்க் காஷூபியக் குடும்பத்தில் பிறந்தவர், நாட்டின் பிரதமராகவே ஆனவர். யாரும் பதறவில்லை.

இப்போது தெற்கே வாருங்கள். சைலீசியா 14ஆம் நூற்றாண்டிலேயே போலந்திலிருந்து பிரிந்து போஹீமியாவிடம் (இன்றைய செக் நாடு) போனது, 1526ல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க்குகளிடம், 1742ல் அதன் பெரும்பகுதி பிரஷ்யாவிடம். 1921ல் பொதுவாக்கெடுப்பு, 1922ல் மேல் சைலீசியா இரண்டாகப் பிளக்கப்பட்டது. போலந்துப் பகுதிக்குத் தனிச் சட்டமன்றத்துடன் சுயாட்சி இருந்தது, போர் வந்ததும் போனது. ஆறு நூற்றாண்டு வேறு அரசின் கீழ் வாழ்ந்த பேச்சில் ஜெர்மன் சொற்களும் செக் சாயலும் ஊறியிருப்பதில் ஆச்சரியமில்லை. 'நான் செய்தேன்' என்பதற்கு 'யோ ஜெஹ்' என்று தொடங்கும் அந்த இறந்தகால அமைப்பைக் கேட்டாலே பேசுபவர் சைலீசியாவின் கத்தோவிட்ஸே நகரப் பக்கம் என்று போலந்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஆனால் அந்தக் காகத்தை இங்கே கொண்டுவந்தால் அது 'வ்ரோனா' பக்கமே நிற்கிறது. ர் போலிஷைப் போலவே தாவியிருக்கிறது. மென்மை ஒலிகளும் பெரும்பாலான இடங்களில் இருக்கின்றன. வம்சாவளியில் சைலீசியன் போலிஷின் உடன்பிறப்பு என்று வாதாடுவது கடினம். அது போலிஷின் பிள்ளைகளில் ஒன்று, வேறு வீட்டில் வளர்ந்தது. போலிஷ் வழக்குகளை ஆராய்வோர் பலர், சைலீசியாவிலேயே பிறந்த புகழ்பெற்ற பேராசிரியர் யான் மியோதெக் உட்பட, அதை வழக்கு என்று சொல்வதற்கு இதுவே அடிப்படை. இந்த இடத்தில் அவர்கள் சொல்வது சரிதான்.

எங்கே சறுக்குகிறது என்றால், அதை வைத்து சட்டத்துக்குத் தாவும்போது. வட்டார மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தில், அரசு மொழியின் வழக்குகள் இதில் அடங்கா என்று ஒரு வரி இருக்கிறது. போலந்துச் சட்டமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. இதைக் காட்டித்தான் சைலீசியனைத் தள்ளுகிறார்கள். ஆனால் அதே சாசனத்தோடு வந்த விளக்கக் குறிப்பு, எந்த இடத்தில் ஒரு பேச்சு தனி மொழியாகிறது என்பது மொழியியலை மட்டும் பொறுத்ததல்ல, சமூக உளவியலும் அரசியலும் சேர்ந்தது என்றும், அதை அந்தந்த நாடு தன் ஜனநாயக வழிமுறைப்படி தீர்மானித்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. அதாவது சாசனம் எழுதியவர்களே பந்தை மொழியியலாளரிடம் தரவில்லை, நாடாளுமன்றத்திடம் தந்தார்கள்.

நாடாளுமன்றம் அந்தப் பந்தை எடுத்து ஆடவும் செய்தது. 2024 ஏப்ரலில் போலந்துக் கீழவை சைலீசியனை இரண்டாவது வட்டார மொழியாக ஏற்று வாக்களித்தது, மேலவையும் ஒப்புக்கொண்டது. மே 29 அன்று அப்போதைய ஜனாதிபதி ஆண்ட்ரேஜ் டூடா கையெழுத்திட மறுத்தார். அவர் சொன்ன காரணங்கள் இரண்டு: அறிஞர்கள் கருத்தில் இது வழக்கு, அடுத்து, கிழக்கு எல்லைக்கு அப்பால் போர் நடக்கும் சூழலில் தேசிய அடையாளத்தைக் காப்பது முக்கியம். இரண்டாவது காரணம் வந்த உடனேயே முதலாவது ஆட்டம் காண்கிறது, கவனித்தீர்களா? ஒரு பேச்சு மொழியா வழக்கா என்பது உக்ரைனில் போர் நடக்கிறதா என்பதைப் பொறுத்து மாறாது. அங்கீகாரம் தரலாமா என்பது வேண்டுமானால் மாறலாம். அப்படியானால் இது அரசியல் முடிவு என்றே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அறிஞர்களைக் கேடயமாகப் பிடித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பயத்துக்கு வேர் எங்கே என்பதும் ரகசியமில்லை. 2011 கணக்கெடுப்பில் 8 லட்சத்துக்கும் அதிகமானோர் தங்கள் தேசிய இனம் சைலீசியன் என்று பதிவு செய்தார்கள், பலர் போலிஷோடு சேர்த்து. வீட்டில் சைலீசியன் பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சத்து 29 ஆயிரம். அதே கணக்கெடுப்பில் காஷூபியனுக்கு ஒரு லட்சத்து 8 ஆயிரம். சுயாட்சி கேட்கும் இயக்கம் 1990லிருந்தே இருக்கிறது. 1990களின் பிற்பாதியில், 'சைலீசிய தேசிய இனத்தவர் சங்கம்' என்ற பெயரில் ஓர் அமைப்பைப் பதிவு செய்ய முயன்று, மறுக்கப்பட்டு, வழக்கு ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2004ல் அங்கும் தோற்றது. போலந்துத் தேர்தல் சட்டத்தில் தேசியச் சிறுபான்மையினரின் வேட்பாளர் பட்டியல்களுக்கு, நாடாளுமன்றத்தில் நுழையத் தேவையான 5 சதவீத வாக்கு வரம்பிலிருந்து விலக்கு உண்டு, அந்தச் சலுகையை நோக்கிய குறுக்குவழி இது என்பது அரசின் வாதம். 2011ல் அன்றைய எதிர்க்கட்சி வெளியிட்ட அறிக்கை சைலீசிய அடையாளத்தை மறைமுக ஜெர்மன் சார்பு என்றே எழுதியது. இத்தனையும் சேர்ந்துதான் சைலீசியனை 'வழக்கு' ஆக்குகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் காஷூபியனை வழக்காக்கியதும் இதே பயம்தான், அன்று ஊர் மட்டும் வேறு.

ஜெர்மானிய அறிஞர் ஹைன்ஸ் கிளோஸ் சொன்ன ஒரு பிரிப்பு இங்கே உதவும். சில மொழிகள் தூரத்தால் மொழிகள். பக்கத்து மொழியோடு சேர்த்து வைக்கவே முடியாத அளவு வேறுபட்டவை. சில மொழிகள் கட்டியெழுப்பியதால் மொழிகள். பக்கத்து மொழிக்கு நெருக்கம்தான், ஆனால் பேசுவோர் அதில் எழுதி, அச்சடித்து, கற்பித்து, எல்லாக் காரியத்துக்கும் பயன்படுத்தித் தனியாக நிற்க வைத்தார்கள். ஸ்லாவ் உலகில் இரண்டாவது வகை நிறைய. மாசிடோனியனின் எழுத்து வழக்கு 1945ல்தான் முறைப்படி நிறுவப்பட்டது, பல்கேரியாவில் இன்றும் அதை ஏற்க மறுப்போர் உண்டு. காஷூபியனுக்குத் தூரம் பாதி, கட்டுமானம் பாதி. சைலீசியனுக்குக் கிட்டத்தட்ட முழுக்கக் கட்டுமானம், அது கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது. 2007ல் சர்வதேச மொழிக் குறியீட்டுப் பட்டியலில் இடம் கிடைத்தது. அதன்பின் எழுத்துமுறை ஒன்று பரவலாக நிலைபெற்றது. உலகக் கவிதைகளும் நாவல்களும் அதில் வருகின்றன. ஷ்செபான் ட்வார்டோஹ் போன்ற முன்னணி எழுத்தாளர் தன் போலிஷ் நாவல்களில் சைலீசியனைத் தாராளமாகப் புழங்கவிடுகிறார்.

இன்னொரு உதாரணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், எல்லைக்கோடு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க. கார்பாத்திய மலைகளில் பேசப்படும் ருசின். ஸ்லோவாக்கியாவில் 1995ல் எழுத்து மொழியாக முறைப்படி அறிவிக்கப்பட்டது. செர்பியாவின் வோய்வோதினாவில் அதன் இன்னொரு வடிவம் ஆட்சிமொழிகளில் ஒன்று. போலந்தில் அதைப் பேசும் லெம்கோ மக்கள் 2005 சட்டத்திலேயே தனி இனச் சிறுபான்மை. உக்ரைனுக்குள் போனால் அது உக்ரைனியனின் வழக்கு. மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாட்டிமார் பேசுவது ஒன்றே.

அங்கீகாரம் கிடைத்து காஷூபியனுக்கு என்ன ஆனது என்றும் கேட்க வேண்டும், சைலீசியர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று அதில்தான் தெரியும். பள்ளியில் பாடமாக வைக்க அரசு நிதி. மேல்நிலைத் தேர்வில் காஷூபியனை எழுதலாம். பேசுவோர் குறைந்தது 20 சதவீதம் இருக்கும் ஊராட்சிகள் அதைத் துணை அலுவல் மொழியாக வைத்துக்கொள்ளலாம். ஊர் எல்லைகளில் இரட்டைப் பெயர்ப்பலகை. வானொலியும் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் 2021 கணக்கெடுப்பில் வீட்டில் காஷூபியன் பேசுவோர் 90 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று பாடவேளையில் ஆசிரியர் கற்றுத் தருவதை வீட்டில் அப்பா அம்மா பேசுவதில்லை என்றால் அது நிற்காது. சைலீசியன் பேசுவோரும் அதே பத்தாண்டில் குறைந்தார்கள், அங்கே அங்கீகாரமும் இல்லை. ஆகவே சட்டம் வந்தால் மொழி பிழைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆசிரியருக்குச் சம்பளமும் பாடநூலுக்குப் பணமும் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு ஒரு ஊரில் பதில் இருக்கிறது, மற்ற ஊரில் இல்லை.

நடைமுறையில் எப்படி எழுதுவது என்று கேட்டால்: காஷூபியனை 'காஷூபிய மொழி' என்று தயங்காமல் எழுதுங்கள். இன்று போலந்து மொழியியலாளர்களிலும் பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறார்கள். சைலீசியனைப் பற்றி ஒலியியல் கட்டுரை எழுதினால் போலிஷின் சைலீசிய வழக்குகள் என்று சொல்வதில் தவறில்லை. அதே பேச்சில் வரும் கவிதையைப் பற்றியோ அதைப் பேசுவோரின் கோரிக்கையைப் பற்றியோ எழுதினால், அவர்கள் அதை அழைக்கும் பெயரிலேயே, மொழி என்றே எழுதுங்கள். இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் சும்மா 'சைலீசியன்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம், நான் மேலே பல இடங்களில் செய்திருப்பதுபோல.